பெயர் சொல்லப்படாத சிநேகிதன்

பூர்வஜன்மக் கதை எழுதுகிறவர்களுக்குப் பொதுவாக ஓர் அவசரம் உண்டு. போன பிறவியில் இன்னார் இன்னாராக இருந்தார் என்பதைச் சபையறியச் சொல்லிக் கணக்குத் தீர்த்த பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வரும். மணிமேகலையில் சாத்தனார் அவ்விதமே செய்தார். மணிபல்லவத்துப் பீடிகையைத் தொழுத மாத்திரத்தில் மணிமேகலைக்குப் பழம்பிறப்பு தெரிகிறது; தன்னைத் துரத்தி வரும் உதயகுமாரன் அன்று தன் கணவன் இராகுலன் என்பதும், உடன் பூப்பறிக்க வந்த சுதமதியும் பெற்ற தாய் மாதவியும் அன்று தமக்கையரான வீரையும் தாரையும் என்பதும் விளங்கிவிடுகின்றன. உதயகுமாரன் வாளால் மடிந்ததற்கும் காரணம் தயாராக இருக்கிறது: சமையற்காரன் கால் இடறிப் பாத்திரங்களோடு விழுந்தான் என்ற அற்பக் குற்றத்துக்காக அவனை இராகுலன் வெட்டிய பாவம். எவ்வளவு சுத்தமான ஐந்தொகை! எனக்கென்னவோ, சுதமதி வெறும் தோழியாகவே இருந்திருந்தால் இன்னும் பிடித்திருக்கும்.

இந்த எண்ணத்தைக் கிளறியவன் என் தங்கை மகன். பகலெல்லாம் தோல் ஷாப்பில் வெட் புளூத் தோலால் நனைந்த கையோடு நின்றுவிட்டு, இஷா தொழுகைக்குப் பிறகு ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ என்னும் ஜப்பானிய விளையாட்டில் புகுந்துவிடுகிறான். 2010-இல் வெளியாகித் தோல்வியுற்று, 2013-இல் நவோகி யோஷிதா என்பவரின் பொறுப்பில் திரும்பக் கட்டப்பட்ட விளையாட்டு அது. அதற்கே ஒரு மறுபிறவி கிடைத்தது என்பது ஒரு வேடிக்கை.

அதன் கதை இப்படிப் போகிறது. ஆதியில் ஒன்றாயிருந்த உலகம் பதினான்காகப் பிளந்தபோது அதில் வாழ்ந்த ஆத்மாக்களும் பிளந்தன. அப்படிப்பட்ட ஒரு துண்டைத் தாங்கியவனே கதாநாயகன். 2019-இல் வந்த ஷேடோபிரிங்கர்ஸ் என்ற பாகத்தில், பிளவுக்கு முந்திய காலத்திலிருந்து சாகாமல் தப்பிய எமெட்-செல்க் என்ற பகைவன், கதாநாயகனிடத்தில் தன் பழைய நண்பனின் ஆத்ம வர்ணத்தைக் கண்டு திடுக்கிடுகிறான். கண்டும், இந்தத் துண்டு அந்த நண்பனாகாது என்று சாதிக்கிறான். இறுதிப் போரின் விளிம்பில் ஒரு கணம் பழைய உருவமே எதிரே நிற்பதாகத் தோன்ற, மறுகணம் இருவரும் சண்டையிடுகிறார்கள். அந்த நண்பன் வகித்த பதவியின் பெயர் அசெம். சொந்தப் பெயரையோ முகத்தையோ விளையாட்டு காட்டவேயில்லை. 2021-இல் வந்த எண்ட்வாக்கரில் கதாநாயகன் காலத்தைக் கடந்து சென்று, எமெட்-செல்க்கோடும் ஹித்லோடேயஸ் என்னும் மற்றொரு தோழனோடும் பழகிச் சிரித்து வருகிறான். பிரியும்முன் அவ்விருவர் நினைவிலிருந்தும் அந்த நாள்கள் அழிக்கப்படுகின்றன. அங்கேயும் அசெம் வரவில்லை.

“ஒரே பிறவி, அப்புறம் மறுமை என்று ஓதி வளர்ந்தவன், உனக்கு இதில் என்னடா?” என்று கேட்டேன்.

“மாமு, இது மறுபிறவி மேட்டர் இல்ல, கூட்டாளி மேட்டர்” என்றான்.

பதில் எனக்குப் பிடித்தது. உடலில் புகுமுன் ரூஹுகள், அதாவது ஆத்மாக்கள், அணியணியாக இருந்தன, அங்கே அறிமுகமானவை இங்கே இணங்கும் என்ற ஹதீஸை மதரஸாவில் கேட்ட ஊர்தானே எங்கள் மேல்விஷாரம்! அந்த அறிமுகம் எந்த இடத்தில், என்ன பேசி நடந்தது என்று ஹதீஸ் விவரிப்பதில்லை. ஆகையால்தான் ஆம்பூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அந்நியனிடம் வீட்டு விஷயமெல்லாம் கொட்டிவிட்டு, அவன் யாரென்று ஆராயாமல் இறங்கிப்போக முடிகிறது. எமெட்-செல்க்கின் துக்கமும் அப்படிப்பட்ட விவரமின்மையால் கனக்கிறது: அசெமின் முகம் தெரிந்துவிட்டால், இழந்தவன் இன்னானென்று அளவிட்டுவிடலாம்; தெரியாதவரை, ஆடுகிற ஒவ்வொருவனும் தன் கூட்டாளியை அந்த இடத்தில் வைத்துக்கொள்கிறான்.

மருமகன் இதை ஒப்புவதில்லை. 2024-இல் வந்த டான்ட்ரெயிலின் முடிவில் அசெமின் சின்னம் பொறித்த திறவுகோல் ஒன்று கைக்கு வந்திருக்கிறதாம். அடுத்த பாகத்திலாவது பெயரைச் சொல்லியே ஆகவேண்டுமாம். சாத்தனார் கட்சி! “இத்தனை வருஷம் காத்திருந்தவனுக்கு ஒரு பெயர்கூடக் கொடுக்கக்கூடாதா, மாமு?” என்கிறான். கூடாது என்றுதான் இதுவரை சொல்லி வருகிறேன்.