படம் வரைந்தால் பரிசு தரலாமா?

உங்கள் பையனுக்கு எதில் ஆர்வம் என்று எந்த அம்மாவிடமாவது கேட்டுப் பாருங்கள். அபாகஸ், இந்தி, கீபோர்டு, கராத்தே என்று அவன் போகும் வகுப்புகளின் பட்டியல்தான் பதிலாக வரும். யாரும் சொல்லாதபோது, மொட்டை மாடியில் தனியாக, அவன் என்ன செய்கிறான்? அது அந்தப் பட்டியலில் இருக்காது. என்னைக் கேட்டால் அதுதான் ஆர்வம்.

சரி, படிப்பில் சுணங்கும் குழந்தையை எப்படி உற்சாகப்படுத்துகிறோம்? நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே வழிதான், லஞ்சம்! "ஃபர்ஸ்ட் ரேங்க் எடு, சைக்கிள் வாங்கித் தர்றேன்." நான் பி.காம். மாணவன். ஊக்கத்தொகை கொடுத்தால் வேலை கூடும் என்று எங்களுக்கும் பாடம் உண்டு. விற்பனைப் பிரதிநிதிக்கு அது பொருந்தலாம். குழந்தைக்குப் பொருந்துமா?

1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நடந்த இடம் அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டு வளாகத்தில் இருக்கும் மழலையர் பள்ளி. ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்பே சொல்லிவிட்டார்கள். இன்னொரு குழுவுக்கு, வரைந்து முடித்த பிறகு சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து வகுப்பில் சும்மா பேனாக்களை வைத்துவிட்டுக் கவனித்தபோது, முதல் குழுக் குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். விளையாட்டாக இருந்தது கூலி வேலையாகிவிட்டது, அவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டியது, எதிர்பாராமல் பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. ஆக, கெடுப்பது பரிசு அல்ல, முன்கூட்டியே பேசும் பேரம்.

என் சித்தி மகள் ஏழாம் வகுப்பு. கணக்கு என்றாலே முகம் சுருங்கிவிடும். ஆனால் மார்கழியில் அவளைப் பார்க்க வேண்டும்! 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை, ஒரு புள்ளி தவறினாலும் யாரும் சொல்லாமலே அழித்துவிட்டு மறுபடி எண்ணுவாள். "இந்தக் கோலம் மார்க் வாங்கித் தருமாடி?" என்பார் சித்தி. உடனே தராது, உண்மைதான். ஆனால் தப்பு வந்தால் திருத்திக்கொள்ளலாம் என்ற தெம்பு அவளுக்கு அந்த வாசலில்தான் கிடைக்கிறது. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-ல் எழுதியதும் ஏறக்குறைய இதுதான். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை பாராட்டிலிருந்து வருவதைவிட, தானே செய்து முடித்த அனுபவத்திலிருந்துதான் அதிகம் வருகிறது என்றார். கணக்கு நோட்டைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டுக் கோலப்பொடியைப் பிடுங்கி வைப்பவர்கள், இருக்கிற ஒரே தெம்பையும் பிடுங்குகிறார்கள்.

பிரக்ஞானந்தா விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா வைஷாலி டிவி பார்ப்பதைக் குறைக்கத்தான் பெற்றோர் அவரைச் செஸ்ஸில் சேர்த்தார்கள். அவரைப் பார்த்துத் தம்பிக்கும் ஆசை வந்தது. தம்பி 2018-ல் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர், அக்கா 2023-ல். இதைப் படித்துவிட்டு எத்தனை வீட்டில் மறுநாளே பிள்ளையைச் செஸ் வகுப்பில் சேர்த்தார்களோ தெரியவில்லை! அவர்களுக்குப் பிடித்தது செஸ். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அது மாடித் தோட்டமாக இருக்கலாம், பழைய ரேடியோவைக் கழற்றுவதாக இருக்கலாம்.

"எங்க பையனுக்குப் பிடிச்சது மொபைல் கேம் ஒண்ணுதான், அதையே விளையாடட்டும்னு விடவா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் பார்க்கச் சொல்வது ஒன்றுதான். போன மாதம் முடியாத ஒன்று இந்த மாதம் அவனுக்கு முடிகிறதா, அதைத் தம்பிக்கோ நண்பனுக்கோ சொல்லிக் கொடுக்கத் தெரிகிறதா? தெரிந்தால், பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்கும் சொல்லித் தரச் சொல்லுங்கள். வெறுமனே நேரம்தான் போகிறது என்றால், போனை வாங்கி வைக்கும்போதே கையில் வேறு ஏதாவது கொடுங்கள். வகுப்பில் சேர்க்க விண்ணப்பப் படிவத்தைக் கொடுக்காதீர்கள்.