ஏசி ஸ்டாண்டு போல்ட்டைக் கொஞ்சம் கவனிங்க!

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் வழியில், பள்ளிக்கரணையில் என்.ஐ.ஓ.டி வளாகத்தைப் பார்த்திருப்பீர்கள். மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் 'மத்ஸ்யா 6000' நீர்மூழ்கியை உருவாக்குவது இவர்கள்தான். ஆட்கள் உட்காரும் கோளம் டைட்டானியக் கலவை. உப்புநீர் அதை எளிதில் அரிக்காது. ஆனால், அதைத் தொட்டபடி ஓர் அலுமினியத் துண்டு கடல்நீரில் இருந்தால்? இரண்டும் சேர்ந்து ஒரு பேட்டரி ஆகிவிடும். கரைவது அலுமினியம்!

போல்ட் தலைக்கு அடியில் இருக்கும் இடுக்கு இன்னும் மோசம். அங்கே தேங்கும் நீரில் ஆக்சிஜன் தீர்ந்து, குளோரைடு சேர்ந்து, அமிலத்தன்மை கூடும். வெளியே பளபளப்பு, உள்ளே அரிப்பு.

அந்த இடுக்கைக் கண்ணால் பார்க்க முடியாது. எனவே கணினியில் கணக்குப் போடுகிறார்கள். இடுக்கின் அகலம், ஆழம், நீரின் உப்பு, இரு உலோகங்களின் பரப்பளவு ஆகியவற்றைக் கொடுத்தால், எந்த இடம் எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று மாடல் சொல்லும். விடையைச் சரிபார்க்க நிஜ உப்புநீரில் உலோகத்தைப் போட்டுப் பார்ப்பார்கள்.

இதில் வீட்டுக்கும் ஒரு பாடம் உண்டு. பெரிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் சின்ன இரும்பு போல்ட் போட்டால், போல்ட் வேகமாகக் கரையும். ஈ.சி.ஆர் பக்கம் உப்புக்காற்றுக்கு இது போதும். மாடியில் தொங்கும் ஏசி ஸ்டாண்டு, பால்கனி கிரில் இரண்டிலும் போல்ட் என்ன உலோகம் என்று கேளுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒன்றிரண்டைக் கழற்றி, தலைக்கு அடியிலும் பார்க்கச் சொல்லுங்கள். கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள்!