உள்ளங்கையில் சூரியன், முகத்தில் இருட்டு

போன மாதம் ஒரு படம் பார்த்தேன். பெயர் வேண்டாம். கிளைமாக்ஸில் ஹீரோ இரண்டு கையையும் சேர்த்து, மூச்சை இழுத்து, உள்ளங்கையிலிருந்து நீலமாக ஓர் ஒளிப் பந்தை வில்லன் மேல் விடுகிறார். கைதட்டல் வரவேண்டிய இடம். வந்தது சிரிப்பு. பின் சீட்டில் ஒரு குரல்: ‘‘கிராஃபிக்ஸ் பண்ணவனைக் கூப்ட்டு உதைக்கணும்டா!’’

உதைபட வேண்டிய ஆள் அவனில்லை. அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

கையிலிருந்து நெருப்பு விடுவது நமக்கு ஒன்றும் புதுசில்லை. 1987-ல் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் ராமாயணம் வந்தபோது, ஞாயிறு காலையில் அம்பும் அம்பும் நடுவானில் மோதிப் பொறி பறந்ததைத் தெருவே கூடிப் பார்த்தது. ஜப்பானில் அகிரா தோரியாமா 1984-ல் ஆரம்பித்த ‘டிராகன் பால்’ காமிக்ஸைப் படித்துவிட்டு, உலகத்துப் பையன்களெல்லாம் கண்ணாடி முன் நின்று ‘கமேஹமேஹா’ என்று கத்தினார்கள். ஆசை பழசு. அதைத் திரையில் நம்பவைப்பதுதான் பாடு.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் கம்பாசிட்டிங் வேலையில் இருக்கிறான். தனித்தனியாக எடுத்த படங்களை அடுக்கி ஒரே படமாக்குகிற வேலை. ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினான். கறுப்புப் பின்னணியில் செய்த ஒளிப் பந்தை ஹீரோ ஷாட்டின் மேல் வைத்து, ‘ஆட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தான். கறுப்பு என்றால் பூஜ்யம். எதோடு கூட்டினாலும் மாற்றமில்லை. கறுப்பு காணாமல் போய் வெளிச்சம் மட்டும் நின்றது. பந்தின் நடுப்பகுதி வெள்ளை, ஓரம்தான் நீலம். முழுக்க நீலமென்றால் பிளாஸ்டிக் பொம்மை ஆகிவிடுமாம். அதையே மூன்று நான்கு பிரதி எடுத்து, ஒன்றைவிட ஒன்றை மங்கலாக்கி அடுக்கினான். ஒளிவட்டம் வந்தது. பின்னால் இருக்கும் சுவரை லேசாக நெளியவிட்டான். அனல் அடித்தது. மோதுகிற இடத்தில் இரண்டே ஃபிரேம் திரையை வெளுக்கவைத்து, காட்சியைக் கொஞ்சம் குலுக்கினான். நானே சீட்டில் பின்னால் சாய்ந்துவிட்டேன்.

இதுவரை ஜாலி. கை அசைந்தால் பந்தும் கூடவே அசைய வேண்டும். அது டிராக்கிங். பந்துக்கு முன்னால் வருகிற விரல்களை ஓரம் பிசகாமல் வெட்டி எடுக்க வேண்டும். அது ரோட்டோ. சினிமாவுக்கு செகண்டுக்கு 24 ஃபிரேம். நாலு செகண்ட் ஷாட் என்றால் 96. ஹீரோவுக்குப் பத்து விரல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடித்து ஓட்டிக் காட்டினான். ‘‘என்னமோ ஒட்டவச்ச மாதிரி இருக்கேப்பா’’ என்றேன்.

‘‘பந்தைப் பாக்காதீங்க சார். ஹீரோ மூஞ்சியப் பாருங்க.’’

பார்த்தேன். உள்ளங்கையில் சூரியன் எரிகிறது. மூக்கின் நிழலோ கீழ்நோக்கி விழுகிறது, மேலே இருக்கும் விளக்குக்குக் கட்டுப்பட்டு. தாடையில், சட்டையில் ஒரு சொட்டு நீலம் கிடையாது.

‘‘அதையும் நீயே போட்டுட முடியாதா?’’

‘‘போடலாம் சார். மூஞ்சி, கழுத்து, சட்டை மடிப்புன்னு தனித்தனியா பண்ணணும். ஒரு வாரம் ஆகும். எனக்குக் குடுத்தது ரெண்டு நாள். ஷூட்டிங்கில ஒரு லைட்டுக்கு நீல ஜெலட்டின் பேப்பர் மாட்டி, கைக்குக் கீழே வச்சிருந்தா நானூறு மடங்கு நல்லா இருந்திருக்கும்.’’

ஷூட்டிங்கில் ஏன் வைக்கவில்லை? ‘‘அதெல்லாம் சி.ஜி.யில பாத்துக்கலாம்’’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். தமிழ் சினிமாவின் விலை உயர்ந்த வசனம் அதுதான். அங்கே அஞ்சு நிமிஷம் மிச்சம் பிடித்ததற்கு இங்கே ஒரு பையன் அஞ்சு ராத்திரி தூங்காமல் வட்டி கட்டுகிறான். கடைசியில் உதையும் அவனுக்கே!

‘‘ஹாலிவுட்காரன்கிட்ட பணம் இருக்கு சார், அவன் செய்வான்’’ என்பார்கள். சரி, ஹாலிவுட்டையே பார்ப்போம். 1977-ல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்தபோது ஒளிவாளுக்கு, சாலைப் பலகைகளில் மினுங்குகிற மாதிரிப் பொருளைச் சுற்றிய குச்சியைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். ஒளியைப் பிறகு ஃபிரேம் ஃபிரேமாக வரைந்து சேர்த்தார்கள். முப்பத்தெட்டு வருடம் கம்ப்யூட்டர் அசுரத்தனமாக வளர்ந்தது. 2015-ல் வெளிவந்த ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ எடுத்தபோது என்ன செய்தார்கள் தெரியுமா? வாளுக்குள்ளேயே விளக்கு வைத்தார்கள்! பனிக்காட்டுச் சண்டையில் முகங்களில் விழுகிற சிவப்பும் நீலமும் நிஜ வெளிச்சம். 2013-ல் வெளிவந்த ‘கிராவிட்டி’க்கு நடிகையை எல்.இ.டி. பலகைகளால் ஆன பெட்டிக்குள் உட்காரவைத்து, பூமியின் வெளிச்சத்தை முகத்தில் விழவைத்தார்கள். பணம் இருப்பவனே கம்ப்யூட்டரை நம்பாமல் விளக்கை நம்புகிறான். நாம் விளக்கை அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை நம்புகிறோம்.

அதற்காக அங்கே எல்லாம் தர்மப்படி நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். புதுச்சேரியில் தொடங்குகிற ‘லைஃப் ஆஃப் பை’ கதையின் புலியைச் செய்த ‘ரிதம் அண்ட் ஹியூஸ்’ கம்பெனி, 2013 பிப்ரவரியில் திவாலானது. அதே மாதம் அதே புலிக்கு ஆஸ்கர். பரிசு வாங்கியவர் மேடையில் கம்பெனியின் கஷ்டத்தைப் பேச ஆரம்பித்ததும் ‘ஜாஸ்’ படத்துச் சுறா இசையைப் போட்டு, மைக்கையும் அணைத்தார்கள். படம் வசூலித்தது அறுபது கோடி டாலர். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் கவிழ்ந்தபோது, பெங்களூரில் ஆயிரக்கணக்கானவர்களின் வேலை ஒரே வாரத்தில் ஆட்டம் கண்டது.

காரணம் ரகசியமில்லை. வேலைக்குப் பேசுகிற தொகை ஒன்று, முன்கூட்டியே முடிவாகிவிடும். ரிலீஸ் தேதியும் நகராது. நகருவது கரெக்‌ஷன் மட்டும். ‘‘பந்து நீலம் வேணாம், பச்சை பண்ணு’’, ‘‘பச்சை சரியில்ல, பழையபடி நீலம்.’’ இதற்குக் கூடுதல் காசு கிடையாது. வீடு கட்டுகிற மேஸ்திரியிடம் இப்படி மூன்று தடவை சுவரை இடித்துக் கட்டச் சொல்லிப் பாருங்கள், கரணையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்.

இப்போது புதிதாக, ‘‘ஏ.ஐ. வந்தாச்சு, எல்லாம் ஒரு பட்டன்’’ என்கிறார்கள். எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் என்று இவர்களே முடிவு செய்யாதவரை எந்தப் பட்டனும் காப்பாற்றாது.

நான் கேட்பது மூன்றே விஷயம். கிராஃபிக்ஸ் மேற்பார்வையாளரை ஷூட்டிங்குக்குக் கூப்பிடுங்கள், காமிராமேன் பக்கத்தில் நிற்கவையுங்கள். எத்தனை கரெக்‌ஷன் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், அதற்கு மேல் போனால் காசு கொடுங்கள். கடைசியில் அந்தப் பெயர்கள் ஓடும்போது தியேட்டரில் லைட்டைப் போட்டு எங்களைத் துரத்தாதீர்கள்.

ரசிகர்களுக்கும் ஒன்று. அடுத்த தடவை ஹீரோ கையிலிருந்து நெருப்புப் பறக்கும்போது கையைப் பார்க்காதீர்கள், தாடையைப் பாருங்கள். அங்கே வெளிச்சம் இல்லையென்றால் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் டைட்டிலில் கடைசியாக வந்த பெயரைப் பார்த்து அல்ல, முதலில் வந்த பெயர்களைப் பார்த்து.