லஸ்கர் படுத்துவிட்டால்...

"கை கால்தானே சார் வரலை... நெஞ்சுல எதுக்கு இத்தனை ஒயர்?"

தஞ்சாவூர்ப் பக்கம் பக்கவாதத்தில் படுத்தவரைப் பார்க்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வராந்தாவில் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவர் அநேகமாக மூத்த மாப்பிள்ளை. பதில் வருவதற்குள் தீர்ப்பும் சொல்லிவிடுவார்: "மூணாம் நாள் எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போயிடுவோம். எண்ணெய் போட்டு நீவி, புறா ரத்தம் தடவினா எழுந்து உட்கார்ந்துடுவார்!"

புறா கிடக்கட்டும். ஒயர் கேள்வி நல்ல கேள்வி. டாக்டர் நண்பர் ஒருவரைக் கேட்டேன். அவர் சொன்னதை டெல்டா பாஷைக்கு மாற்றினால் சுலபமாகப் புரியும்.

ஆற்றில் ஷட்டரை ஏற்றி இறக்க லஸ்கர் இருக்கிறார். அவர் மயங்கிக் கிடக்க, ஷட்டர் பாட்டுக்குத் திறந்தே கிடந்தால்? வாய்க்காலில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் உடைவது வாய்க்கால் கரைதான்!

மூளைதான் லஸ்கர். அதில் 'இன்சுலா' என்றொரு பகுதிக்கு இதயத்தின் கடிவாளத்தில் பங்கு உண்டு. அங்கே அடிபட்டால் அட்ரினலின் வகையறா மடை திறந்து பாயும். நேற்றுவரை ஒழுங்காக இருந்த இதயம் தாறுமாறாகத் துடிக்கும். அதன் தசை காயப்படும். ஈ.சி.ஜி. அசப்பில் மாரடைப்பு மாதிரியே இருக்கும். சிலருக்கு இதயத்தின் நுனி பலூன் போல உப்பிக்கொண்டு வேலைநிறுத்தம் செய்யும். ஜப்பான்காரர்கள் 1990-ல் இதற்கு வைத்த பெயர் 'டகோட்சுபோ'. ஆக்டோபஸ் பிடிக்கிற பானை என்று அர்த்தம். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும், அதுவரை ஆளைக் காப்பாற்றிக் கொடுத்தால்.

இந்தக் கலாட்டாவுக்கெல்லாம் உச்சகட்டம் முதல் மூன்று நாள். அதாவது, மாப்பிள்ளை டிஸ்சார்ஜ் கேட்கிற அதே மூன்று நாள்! பக்கவாதம் வந்தவர்களை மூளைச் சேதத்துக்கு அடுத்தபடியாகக் கொண்டுபோவது இதயம்தான்.

ஒயருக்கு இன்னொரு வேலையும் உண்டு: திருடனைப் பிடிப்பது. சிலருக்கு இதயம் விட்டுவிட்டுப் படபடத்து, உள்ளே ரத்தம் உறைந்து, அந்தக் கட்டிதான் மூளைக்குப் போய் அடைத்திருக்கும். ஒரே ஒரு ஈ.சி.ஜி.யில் இந்தத் திருடன் சிக்காமல் போகலாம். நாள் கணக்கில் காவல் இருந்தால் மாட்டுவான். மாட்டினால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. எந்த நாளில் ஆரம்பிப்பது என்பதை டாக்டர்தான் ஸ்கேன் பார்த்துச் சொல்ல வேண்டும். அவசரப்பட்டால் மூளையில் கசியும்.

கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில் படித்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். எம்.ஜி.ஆர்! 1984 அக்டோபரில் சிறுநீரகம், இதயம், மூளை மூன்றும் அவரைப் படுத்தின. நமக்கு ஞாபகம் இருப்பது புரூக்ளினும் கிட்னியும். பேச்சைக் குழற வைத்தது பக்கவாதம். 1987 டிசம்பர் 24-ல் நின்றது இதயம். இது அதனால்தான் என்று முடிச்சுப் போட நான் டாக்டர் இல்லை. ஆனால் உறுப்புகளெல்லாம் கூட்டுக் குடும்பம். ஒருத்தர் படுத்தால் அடுத்தவரையும் கவனிக்க வேண்டும்.

அன்றைக்கு இல்லாத ஒரு வசதி இன்றைக்கு உண்டு. பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அமெரிக்கா அனுமதி தந்ததே 1996-ல்தான். ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை என்று தெரிந்தால், நாலரை மணி நேரத்துக்குள் போடலாம். பக்கவாதம் எவ்வளவு பெரியதோ, இதயச் சிக்கலும் அவ்வளவு அதிகம். எனவே மூளைக்காக ஓடும் ஓட்டம் இதயத்துக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே, வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 108. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர், காபி, ஆஸ்பிரின் எதுவும் வாயில் வேண்டாம். டாக்டர் போகச் சொல்கிறவரை ஒயரோடு படுத்திருக்கட்டும். அப்புறம் பிரஷர் மாத்திரை, பிசியோதெரபி.

புறாக்கள் பெரிய கோயில் கோபுரத்திலேயே நிம்மதியாக இருக்கட்டும்!