வலது கைக்கு ஆயில், இடது கைக்குக் கம்பி

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் ஒரு லாரி போனால் போதும், ஒவ்வொரு வளைவிலும் கிளட்சைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். மேலே போய்ச் சேர்வதற்குள் இடது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கிறது. டூரிங் பைக் என்று சொல்லித்தானே இதை விற்றார்கள்!

வலது பக்கத்தைப் பாருங்கள். முன் பிரேக்குக்கு மாஸ்டர் சிலிண்டர், ஆயில், ஹோஸ் எல்லாம் இருக்கிறது. இரண்டு விரல் போதும். 125 சிசிக்கு மேல் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம் என்று அரசு சொன்னதும் அதையும் சேர்த்துவிட்டார்கள். இடது கைக்காகக் கேட்க யாரும் இல்லை, அதனால் இன்னும் அதே கிளட்ச் வயர். மழைத் தண்ணீரும் புழுதியும் உறைக்குள் இறங்கி வயர் இறுகுகிறது. லிவரில் மாட்டும் குண்டுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு இழையாக அறுகிறது. ரப்பரை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, வயருக்குப் பதில் நாமே ஹைட்ராலிக் கிளட்ச் கிட் வாங்கிப் போடலாம் என்றால் அது வேறு கதை. லிவர் வெண்ணெய் மாதிரி இருக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். கிளட்ச் ஸ்பிரிங் அதேதான். வயரின் உராய்வு போகும், தட்டு தேயத் தேய அட்ஜஸ்ட் செய்கிற வேலையும் போகும். அதற்கு மேல் இலகுவாக வேண்டுமானால் ஸ்லேவ் சிலிண்டர் பெரிதாக இருக்க வேண்டும். அளவு மீறிப் பெரிதானால் கிளட்ச் முழுசாக விடாது, சிக்னலில் நியூட்ரல் விழாது. எந்த பைக்குக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால், "எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்" என்பதுதான் பதில்.

ஆயில் விஷயம் இன்னும் மோசம். சில கிட்டுக்கு மினரல் ஆயில், சிலதுக்கு டாட் 4 பிரேக் ஆயில். மாற்றி ஊற்றினால் சீல் கெட்டுவிடும். இதை மூடியில் பெரிதாக அச்சடித்தால் என்ன செலவாகிவிடும்? என் வண்டிக்கு வந்த கிட்டில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மெக்கானிக் அண்ணன் வழக்கமாகப் பிரேக்குக்கு ஊற்றுவதையே ஊற்றினார். அவரை எப்படிக் குறை சொல்வது? சீல் ஊதி, பிடித்த லிவர் திரும்பி வரவில்லை. விரல் நுனி அளவு ரப்பர் அது. விற்றவரிடம் கேட்டால், "சீல் தனியா வராது சார், முழு செட்டா வாங்கிக்கோங்க" என்கிறார். சர்வீஸ் சென்டரிலோ, வெளி அயிட்டம் மாட்டியதால் கிளட்ச் வாரண்டி போச்சு என்று கையை விரித்துவிட்டார்கள்.

வயருக்கு ஒரு நல்ல குணம் உண்டு: ஸ்பேர் வைத்திருந்தால் சாலையோரத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். ஆயில் கசிந்தால் அது முடியாது. கம்பெனியே ஹைட்ராலிக் கிளட்சைப் பொருத்தி, பாகங்களை ஊர் ஊராகக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கேட்பது அதனால்தான். விலை கொஞ்சம் கூடினால் கூடட்டும், கொடுத்து வாங்குகிறோம். கிட் விற்கிறவர்கள் அதுவரை அந்தச் சீலையாவது தனியாக விற்கட்டும்.