பட்டா இல்லாதவரையும் எண்ணுங்கள்

மாசி மகம் வந்தால் மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. சேலைகளைச் சுற்றிக் கட்டிய குடில்களில் தங்கி, விடியும் நேரத்தில் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். பெண் பார்ப்பது, பேசி முடிப்பது, தாலி கட்டுவது எல்லாம் அந்த மணலிலேயே நடக்கும். இந்தக் கரையோடு அவர்களுக்கு இருக்கும் உறவுக்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் தாசில்தார் அலுவலகம் கேட்பது காகிதத்தை. அது அவர்களில் பலரிடம் இல்லை.

அதே கடற்கரையோரம்தான் வடநெம்மேலி. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே இயங்குகிறது. நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்தில் பெரும்பகுதி அவர்கள் எடுத்துக்கொடுக்கும் நஞ்சை நம்பியே இருந்துவந்திருக்கிறது. இந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே சமூகத்தில்தான் ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் குடிசை போட்டு, வரப்பில் எலி பிடித்தும் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடித்தும் வாழ்பவர்கள் மனைப்பட்டா கேட்டு மனுமேல் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அரசு நிலம் எடுக்கும்போது எழும் வாதமெல்லாம் பட்டாதாரரைச் சுற்றியே நடக்கிறது. சென்ட் என்ன விலை, வழிகாட்டி மதிப்பு சரியா என்பதே பேச்சு. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடுவது முழுக்க நியாயம். அவர்களுக்குக் கையில் காட்டப் பத்திரமாவது உண்டு. புறம்போக்குக் குடிசைக்கு வருவது ஆக்கிரமிப்பு அகற்றும் நோட்டீஸ் மட்டுமே.

சட்டம் இவர்களை மறந்துவிடவில்லை. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலம் இல்லாவிட்டாலும் மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தையோ காட்டையோ நீர்நிலையையோ நம்பிப் பிழைத்தவர்களைப் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்கிறது. விவசாயக் கூலி, மீனவர், வேட்டையாடுபவர் எல்லாரும் அதில் வருகிறார்கள். ஊருக்குள் போய் அவர்களை எண்ணும் வேலை சமூகத் தாக்க மதிப்பீட்டுக்கு உரியது. தமிழ்நாடு 2015-இல் கொண்டுவந்த திருத்தம், ஆதிதிராவிடர் நலம், தொழில், நெடுஞ்சாலை ஆகியவற்றுக்காக நிலம் எடுக்கும் மூன்று மாநிலச் சட்டங்களுக்கு அந்த மதிப்பீட்டிலிருந்து விலக்கு தந்தது. 2019-இல் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டங்கள் செல்லாது என்றது. அதே ஆண்டில் அரசு புதுச் சட்டம் இயற்றி அவற்றை உயிர்ப்பித்தது. 2021-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வேகம் வேண்டும் என்றால் புரிகிறது. தொழிற்பேட்டைக்கும் நெடுஞ்சாலைக்கும் எதற்கு அந்தச் சலுகை? பரந்தூரில் நிலம் எடுப்பதும் 1997-ஆம் ஆண்டின் தொழில்துறைச் சட்டத்தின்கீழ்தான். இழப்பீட்டு விகிதம் காகிதத்தில் இருக்கிறது, பெறவேண்டியவரைத் தேடிப்போகும் கட்டம்தான் காணாமல்போனது.

தேடிப்போய்க் கேட்டதற்கு முன்மாதிரி உண்டு. ஒடிசாவின் நியம்கிரியில் 2013-இல் உச்ச நீதிமன்றம் மக்களையே கேட்கச் சொன்னது. 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, மலை தப்பியது. ஆனால் அது பழங்குடியினர் பகுதிகளுக்கான அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பகுதி. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை.

கொடுத்த நிலத்தைக் காத்த கதையும் மாமல்லபுரம் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்தில் நல்லதாக இல்லை. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலமின்மை பற்றி அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு பிறந்தது, அவர்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம். மாகாணமெங்கும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பிறர் வாங்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கைமாறியது. மாமல்லபுரத்துக்கு அருகே காரணையின் பஞ்சமி நிலத்தை மீட்க நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். ஆக, பட்டா கொடுத்தால் மட்டும் போதாது, கொடுத்தது கைவிட்டுப் போகாமல் பார்ப்பதும் அரசின் பொறுப்பு.

தொழில், சாலைத் திட்டங்களுக்குச் சமூகத் தாக்க மதிப்பீட்டைத் திரும்பக் கொண்டுவரச் சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் போதும். மாவட்ட ஆட்சியர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நிலம் எடுக்க அறிவிக்கை வருவதற்கு முன்பே, புறம்போக்கில் குடியிருப்பவர்கள், கழிமுகத்தை நம்பிப் பிழைப்பவர்கள் பட்டியலைத் தயாரித்துக் கிராம சபையில் வாசிக்கலாம். விடுபட்ட பெயர்களைச் சேர்த்து, தகுதியுள்ளவர்களுக்கு மனைப்பட்டாவை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் அளவைக்கல் நடலாம்.