நேற்று பேசியவர் இன்று சாவது ஏன்?
தீக்காயத்துக்குப் பிறகு உடம்புக்குள் நடக்கும் சண்டை

செஞ்சி-

"நேத்துகூட நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்துச்சு, டாக்டரய்யா!"

தீக்காய வார்டு வாசலில் அடிக்கடி கேட்கும் அழுகுரல் இது.

2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணம் பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் பலியானார்கள். பெரும்பாலோரை அன்றைக்கே தீ கொன்றுவிட்டது. ஆனால் அடுப்படியிலும் பட்டாசிலும் வெந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பலர் ஒரு வாரம், 10 நாள் கழித்துச் சாகிறார்கள். அப்போது கொல்வது தீ அல்ல, கிருமி.

மதில் போனால்...

செஞ்சிக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 1690-ல் இந்தக் கோட்டையை முற்றுகையிட்ட மொகலாயர் படை 1698-ல்தான் உள்ளே நுழைந்தது. மலையும் மதிலும் அப்படி! உடம்புக்குத் தோல்தான் மதில். அது வெந்துபோனால் கிருமிக்கு வாசல் திறந்தாச்சு.

உள்ளே காவல் படை உண்டு. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள்தான் அந்தப் படை. சின்னக் காயம் என்றால் அந்த இடத்தோடு சண்டை முடியும். உடம்பில் 5-ல் 1 பங்குக்கு மேல் வெந்தால் உடம்பு முழுக்க அபாயச் சங்கு ஊதுகிறது. ரத்தக் குழாய்கள் கசிகின்றன. உடம்பு வீங்குகிறது. ரத்த அழுத்தம் இறங்குகிறது. முதல் 2 நாள் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றுவது இதற்குத்தான். வெறி பிடித்த படை சொந்த ஊரையே சூறையாடுவது போல் நுரையீரலும் சிறுநீரகமும் கெடுகின்றன.

பிறகு படை களைக்கிறது. அந்தச் சமயம் பார்த்துக் கிருமி ரத்தத்தில் கலக்கிறது.

அப்படியானால் முதல் நாள் தெளிவாகப் பேசினாரே? ஆழமாக வெந்த இடத்தில் நரம்பும் கருகிவிடும். வலி தெரியாது. பேச்சை வைத்து 'பொழைச்சுக்கிட்டார்' என்று நினைப்பது ஏமாற்றம்.

அப்பா தோல் ஒட்டுமா?

"என் தோலை எடுத்து மகனுக்கு வையுங்க" என்று கெஞ்சும் தகப்பன்மார் உண்டு. பிறர் தோல் சில வாரத்துக்குக் கட்டுத்துணி போல் காக்கும். அப்புறம் அதே காவல் படை அதை அந்நியன் என்று தள்ளிவிடும். 2-வது உலகப்போர் சமயத்தில் இங்கிலாந்து விஞ்ஞானி பீட்டர் மெடாவர் இதை ஆராய்ந்தார். அந்த வழியிலேயே தொடர்ந்து சென்று 1960-ல் நோபல் பரிசும் பெற்றார். நிலைத்து ஒட்டுவது நோயாளியின் சொந்தத் தோல்தான்.

செய்ய வேண்டியது

தீ பட்டதும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டவேண்டும். இங்க், பேஸ்ட், மாவு, ஐஸ் கூடவே கூடாது. சுத்தமான துணியால் மூடி 108-க்குச் சொல்லவேண்டும். நோயாளியின் உள்ளங்கை, விரல்கள் சேர்ந்த அளவு உடம்பில் 100-ல் 1 பங்கு. பத்துக் கை அளவு வெந்த குழந்தைக்கே ஆபத்து.

செஞ்சியில் இருந்து சென்னை கீழ்ப்பாக்கம் தீக்காய வார்டு சுமார் 150 கிலோ மீட்டர். விழுப்புரம் பக்கம் முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியும், புதுவை ஜிப்மரும் அதைவிடக் கிட்டே. இங்க் தடவி இழக்கும் நேரத்தில் பாதி தூரம் போய்விடலாம்.

வார்டில் கூட்டம் கூடாதீர்கள் என்று நர்ஸ் விரட்டினால் கோபப்படக் கூடாது. பாசத்தோடு போகிறவர் கையிலும் கிருமி போகும்.